ஜொகூர் நீரிணையும் மீனவர் சொல்லும்

நம் தோட்டத்து வீடுகளில் மீன் வாசனை இல்லாத வாரம் ஒன்று உண்டோ என்று கேட்டால், இல்லையென்றே விடை வரும். பச்சை மீன் அகப்படாத நாளிற் கருவாடு. கருவாடும் தீர்ந்துபோன நாளில் நெத்திலி. பட்டணத்து நம்மவர் வீட்டிலும் கதை ஏறக்குறைய இதுவே. இவ்வளவு நெருங்கிய பொருள் எந்தக் கடலிலிருந்து வருகிறது, யார் பிடிக்கிறார்கள், நாளைக்கும் வருமா என்பன பற்றி நம்மவர் சிந்தித்ததாகத் தெரியவில்லை. விலை ஏறிய நாளில் மீன்காரனை நாலு வார்த்தை திட்டுவதோடு நம்முடைய மீன் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. ரப்பர் விலையையும் செம்பனை விலையையும் பற்றி மணிக்கணக்கிற் பேச வல்ல நாம், கடலைப் பற்றிப் பேசும்போது ஊமையாகி விடுகிறோம். கடல் நம் வேலைத்தலம் அன்று என்பது ஒரு காரணமாகலாம். ஆனால் நாம் வாழும் இந்த ஜொகூர் மூன்று புறமும் உப்புநீர் சூழ்ந்த நாடு. மேற்கே மலாக்கா நீரிணை, கிழக்கே சீனக் கடல், தெற்கே சிங்கப்பூருக்கும் நமக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் தெப்ராவ் நீரிணை.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது ஒரே விஷயம். கடலிலோ கடற்கரையிலோ ஒரு பெரிய மாறுதல் செய்யக் கருதியவர்கள், அக்கடலில் வலை வீசிப் பிழைப்பவரை முன்னதாக ஒரு வார்த்தை கேட்டதுண்டா? கேட்டிருந்தால் எப்பொழுது கேட்டார்கள்? மீன்வளத்தைக் காப்பது என்னும் பேச்சு இன்று உலகெங்கும் அடிபடுகிறது. கேட்கும் காலம் தவறினாற் காக்கும் காலமும் தவறிப்போகும் என்பதற்கு ஜொகூர் நீரிணையின் நூறாண்டுச் சரித்திரமே சான்றாக நிற்கிறது.

முதலில் அந்த நீரிணையின் மேற்கு வாயிலை வாசகர்கள் மனக்கண்முன் கொண்டுவர வேண்டும். புலாய் ஆறு கடலோடு கலக்கும் இடம் அது. இரு கரையும் கண்டல் காடு. மலாய்க்காரர் பாக்காவ் என்பர். ஆற்றுமுகத்துக்கு அப்பால் மெராம்போங் என்னும் சிறு தீவு. அதனருகே, நீர் வற்றும் வேளையில் தலைகாட்டும் கடற்புல் மேடு. மாட்டுக்குப் புல் எப்படியோ, கடற்பசுவுக்கு இந்தப் புல் அப்படி. மீன் குஞ்சும் இறாற் குஞ்சும் நண்டும் ஒளிந்து வளர்வதும் இங்கேதான். கடற்குதிரையும் இப்புல்லிற் சுற்றிக்கொண்டு கிடக்கும். நீர் வற்றிய பொழுது தஞ்சோங் கூப்பாங் வட்டாரத்துக் கிராமப் பெண்கள் கூடையோடு இறங்கி, கொங்கொங் என்னும் சிப்பியைப் பொறுக்குவர். ஆண்கள் சிறு படகில் வலை விரிப்பர். கண்டலின் உள்ளோடைகளிலே ஒராங் செலேத்தார் என்னும் கடல்மக்கள் தலைமுறை தலைமுறையாய்ப் படகையே வீடாகக் கொண்டு திரிந்தனர். பழைய ஜொகூர்ச் சுல்தான்களின் கடற்படைக்குத் தோள் கொடுத்தவர்கள் கடல்மக்களே என்பது சரித்திரம் அறிந்த செய்தி. நாட்டுக்கு எல்லைக்கோடு போடப்பட்டபோது அவர்களிற் சிலர் சிங்கப்பூர்ப் பக்கத்திலும் சிலர் ஜொகூர்ப் பக்கத்திலும் நின்று போனார்கள்.

இந்த நீரிணையின்மீது முதன்முதலாக விழுந்த பெரிய கை, ஜொகூர்ப் பாலம் என்று நாம் தினந்தோறும் வழங்குகின்ற அணைச்சாலையாகும். 1919-ம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. 1923-ல் ரயில் ஓடிற்று. 1924-ம் ஆண்டு ஜூன் மாதம் 28-ம் நாள் முறைப்படி திறந்து வைத்தார்கள். நீளம் 1,056 மீட்டர். பாலம் என்று சொல்லுகிறோமேயன்றி அது பாலம் அன்று. கல்லைக் கொட்டிக் கடலை இரண்டாக அடைத்த அணை. படகுகள் போய் வருவதற்கு ஜொகூர்க் கரையோரம் ஒரு மதகு வாய்க்கால் வைத்திருந்தனர். 1942 ஜனவரி இறுதியில் ஜப்பானியர் நெருங்கி வர, பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் அணையை வெடிவைத்துத் தகர்த்தபொழுது அம்மதகும் அழிந்தது. உடைந்த சாலையைப் பின்னர்ச் சீர் செய்தார்கள். மதகைச் சீர் செய்வாரில்லை. அன்று முதல் கீழ்நீர் கீழேயும் மேல்நீர் மேலேயும் தேங்கி, இடையிலே ஓட்டமற்றுப் போயிற்று. அணையைக் கட்டியவர்கள் ரயிலைக் கேட்டார்கள், ரப்பரைக் கேட்டார்கள், ஈயத்தைக் கேட்டார்கள். நம் பாட்டன்மார் பால் வெட்டிச் சேர்த்த ரப்பர் அதன்மேலே சென்றது. ஆகவே அந்தக் கணக்கில் நமக்கும் ஒரு வரி உண்டு. மீனவரைக் கேட்பது என்ற எண்ணமே அக்காலத்து அதிகாரிகளுக்கு உதித்திராது. குடியேற்ற ஆட்சியிலே தோட்டக் கூலியையே கேட்காதவர்கள் மீனவனையா கேட்கப் போகிறார்கள்?

ஆனால் சுதந்திரம் வந்த பிறகும் நிலைமை உடனே மாறிற்றில்லை. 1960-களின் தொடக்கத்திலே சயாம் தேசத்துப் பக்கமிருந்து இழுவை மடி என்னும் புதுவலை தீபகற்பத்தின் மேல்கரைக்கு வந்து சேர்ந்தது. இயந்திரப் படகின் பின்னே பை போன்ற வலையைக் கட்டிக் கடலின் அடித்தரையோடு இழுத்துச் செல்வது இதன் முறை. பெரிய மீன், சிறிய மீன், முட்டை, குஞ்சு, புல் என்ற பேதமின்றி அனைத்தும் பையிற் புகும். ஓர் இரவில் ஒரு கிராமத்தின் பல நாள் மீனை வாரிச் செல்ல வல்லது அது. முதலிட்டவர் பட்டணத்து முதலாளி. இழந்தவர் கரையோரத்துச் சிறு வலைக்காரர். சர்க்கார் முதலிலே தடுத்துப் பார்த்தது. பின்னர் உரிமம் தந்து அனுமதித்தது. அனுமதித்த கடலிலே யார் எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதைக் காவல் செய்யப் போதிய ஆளில்லை. விளைவு இரத்தமாயிற்று. 1964 முதல் 1976 வரை நடந்த கைகலப்புகளில் 60-க்கு மேற்பட்ட படகுகள் மூழ்கடிக்கப்பட்டன. 34 மீனவர் உயிரிழந்தனர். இது எந்தப் போரிலும் நடந்ததன்று. மீன் யாருக்கு என்ற வழக்கில் நடந்தது. இதனை இனச் சண்டையாகவே கண்டவரும் அக்காலத்தில் இருந்தனர். அடியிலே இருந்தது வயிற்றுச் சண்டை என்பதே நம் கருத்து.

அவ்வளவு உயிர்ச்சேதத்துக்குப் பின்னரே, 1981-ம் ஆண்டில், கடலை வரப்புக் கட்டிப் பிரித்தார்கள். கரையிலிருந்து 5 கடல் மைல் வரை பழைய முறை வலைக்காரருக்கு மட்டும். 5-க்கு மேல் 12 வரை, தாமே படகு வைத்து ஓட்டுகின்ற 40 டன்னுக்குட்பட்ட இழுவைக்காரருக்கும் சுருக்குவலைக்காரருக்கும். 12-க்கு அப்பால் 40 டன்னுக்கு மேற்பட்ட பெரும்படகுகள். 30-க்கு அப்பால் 70 டன்னுக்கு மேற்பட்டவை. வயலுக்கு வரப்பு எப்படியோ கடலுக்கு இது அப்படி. சிறியவனுக்குக் கரையோரத்தை ஒதுக்கியது நீதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் 1964-ல் கிராமம் கிராமமாகச் சென்று கேட்டிருந்தால், எந்த வலைக்காரனும் இதையே சொல்லியிருப்பான் என்பதை நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

பின்பு 1985-ம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் வந்தது. அதன் 6-ம் பிரிவு, மீன்வளத் துறையின் தலைமை இயக்குநர் மீன்பிடித் திட்டங்களை வகுத்து, அவற்றை இடைவிடாது மறுபரிசீலனை செய்து வரவேண்டும் என்று கட்டளையிடுகிறது. அகப்படும் அறிவியற் செய்திகளுள் மிகச் சிறந்தவற்றைக் கொண்டு திட்டம் வகுக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சிப் பிடித்துக் கடலை வெறுமையாக்காமற் காக்க வேண்டும். வாசகம் நல்ல வாசகம். ஆனால் அறிவியற் செய்தி என்றால் யார் தலையிலுள்ள செய்தி? ஆய்வுக் கப்பல் ஆண்டிற் சில நாள் வந்து அளந்து போகும். புலாய் ஆற்றுமுகத்து வலைக்காரன் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், வடகிழக்குக் காற்றுக்கும் தென்மேற்குக் காற்றுக்கும், எந்த மீன் எந்த மேட்டுக்கு ஏறும் என்பதை ஆயுள் முழுவதும் அளந்திருக்கிறான். அவன் அளவு தாளில் ஏறவில்லை. ஆதலால் அது அளவு ஆகாமற் போயிற்று.

இதற்கிடையில் சட்டத்திலே ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். நம் கூட்டரசு அமைப்புச் சட்டத்தின்படி கடல் மீனும் கழிமுக மீனும் கூட்டரசுக்கு உரியன. ஆற்று மீனும் ஆமையும் மாநிலத்துக்கு உரியன. நிலமோ மாநிலத்தின் தனிச்சொத்து. ஆகவே ஒரு மீன் கடலிலிருந்து கழிமுகம் கடந்து ஆற்றில் ஏறினால், வழியிலேயே ஆட்சி மாறிவிடுகிறது! மெர்சிங்குக்கு எதிரேயுள்ள ராவா, தெங்கா, பெசார், திங்கி, சீபு, பெமாங்கில், ஆவோர் முதலான தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் அகலத்துக்குக் கடற்பூங்கா என்று 1994-ம் ஆண்டு ஆணையினாற் காத்தனர். நீர் கூட்டரசின் காவலில். நீரிலிருந்து ஓரடி மேலேயுள்ள மணல் மாநிலத்தின் காவலில். இதனினும் பெரிய வேடிக்கை யாதெனில், கடலை மண்ணிட்டுத் தூர்த்துவிட்டால், மீன்துறையின் கையிலிருந்த நீர் ஒரே நாளில் நில அலுவலகத்தின் ஏட்டில் நிலமாகப் பதிந்துவிடும் என்பது. மீன்பிடித் திட்டம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அதன் கீழேயுள்ள கடலே பெயர் மாறி விட்டால் திட்டம் எதன்மேல் நிற்கும்?

இனி, கடல் தூர்ப்பைப் பற்றி நம் நீரிணையில் எழுந்த ஒரு பெருவழக்கைச் சற்று விரிவாகச் சொல்லுவோம்; தமிழிலே இதனைப் படிப்பார் மிகச் சிலர். சிங்கப்பூர் அரசு நீரிணையின் மேற்கே துவாஸ் பக்கத்திலும் கிழக்கே தெக்கோங் தீவுப் பக்கத்திலும் கடலைத் தூர்த்து வந்தது. தன் நீருக்கும் மீனவர்க்கும் இதனாற் கேடு நேருகிறதென்றும், தன்னைக் கலந்துகொள்ளாமலே வேலை நடக்கிறதென்றும் மலேசியா முறையிட்டு, 2003-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க் நகரிலுள்ள சர்வதேசக் கடற்சட்ட நீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று. நீதிமன்றம் அக்டோபர் 8-ம் நாள் இடைக்கால ஆணை பிறப்பித்தது. இரு நாட்டாரும் நிபுணர் குழு ஒன்றை அமைத்துத் தூர்ப்பின் விளைவுகளை ஆராய வேண்டும். செய்திகளைத் தவறாது பரிமாறிக்கொள்ள வேண்டும். மலேசியாவின் உரிமைக்கு மாற்ற முடியாத கேடோ கடலுக்குக் கடுந்தீங்கோ விளையும் வகையிற் சிங்கப்பூர் வேலை செய்யலாகாது. முன்யோசனையும் எச்சரிக்கையும் வேண்டும் என்பதே அந்த ஆணையின் அடிக்கருத்து. நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். 2005-ம் ஆண்டு ஏப்ரல் 26-ம் நாள் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. தெக்கோங் பக்கத்துத் தூர்ப்பின் கரையைச் சற்று மாற்றி வளைக்கச் சிங்கப்பூர் இசைந்தது. மலேசிய மீனவரின் கோரிக்கைகளுக்கு முழுமுடிவாக 374,400 வெள்ளி செலுத்தவும் இசைந்தது.

கணக்கெழுதிப் பழகிய நம் கைக்கு இந்தத் தொகையைக் கண்டதும் சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறது. நானூறு வரை துல்லியமான தொகை. யாரோ ஒரு கிராணி உட்கார்ந்து தலைக்கு இவ்வளவு என்று பெருக்கியிருக்க வேண்டும். மீனவனுக்குத் தொகை கிடைத்தது நல்லதே. கிடைக்காமற்போவதினும் கிடைப்பது மேல். ஆனால் வேலைக்கு முன்னே கேட்பது ஒன்று, வேலைக்குப் பின்னே கொடுப்பது மற்றொன்று. முன்னே கேட்டால் மீனவன் கரையின் வளைவையே மாற்றச் சொல்லலாம். பின்னே கொடுத்தால் கை நீட்டி வாங்கிக்கொண்டு போகலாம், அவ்வளவே.

அவ்வழக்கினால் ஒரு பாடம் நிலைத்தது. ஓர் அரசு மற்றோர் அரசைக் கேளாமற் பொதுக்கடலிற் கைவைக்கலாகாது என்பது நிலைத்தது. ஓர் அரசு தன் சொந்தக் கிராமத்தைக் கேட்க வேண்டுமா என்பதோ அவ்வழக்கிற் கேள்வியாகவே எழவில்லை. அக்கேள்வி ஒன்பது ஆண்டு கழித்து, நாம் முன்னே வருணித்த மெராம்போங் கடற்புல் மேட்டின் அருகே எழுந்தது.

அதற்குள் அந்த ஆற்றுமுகம் பெரிதும் மாறியிருந்தது. 1998-ல் சிங்கப்பூருக்கு இரண்டாம் இணைப்புப் பாலம் திறந்தது. 1999-ல் தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகம் கப்பல்களை ஏற்கத் தொடங்கிற்று. அதற்காகக் கண்டலும் கடற்புல்லும் அழிந்தன. 2006-ல் தஞ்சோங் பின்னில் நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், நடுவே 2003-ம் ஆண்டு ஜனவரி 31-ம் நாள், புலாய் ஆற்றுக் கண்டல்கள் 9,126 ஹெக்டரும், குக்குப் தீவும், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியாகிய தஞ்சோங் பியாயும், உலகம் காக்க வேண்டிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறின. ஒரு கையிற் பட்டயம், மறு கையில் மண்வெட்டி.

2014-ம் ஆண்டின் தொடக்கத்திலே ஃபாரஸ்ட் சிட்டி என்ற பெயரால், சீன தேசத்துக் கண்ட்ரி கார்டன் நிறுவனமும் ஜொகூர்க் கூட்டாளியும் சேர்ந்து, கடலிலே தீவு எழுப்பி நகர் அமைக்கும் வேலையைத் தொடங்கினர். முடிவில் ஏற்கப்பட்ட திட்டம் நான்கு தீவுகள், 1,386 ஹெக்டர். நம் தோட்டக் கணக்கிற் சொன்னால் ஏறக்குறைய 3,425 ஏக்கர். 700,000 பேர் குடியிருப்பர் என்றனர். கம்போங் பெண்டாஸ் முதலிய கிராமத்து மீனவர், தங்கள் வலைக்கடலிலே மண்ணைக் கொட்டும் படகுகளைக் கண்ட பின்னரே விஷயத்தின் அளவை உணர்ந்தனர். 1987-ம் ஆண்டு ஆணையின்படி, 50 ஹெக்டர் அல்லது அதற்கு மேல் கடலைத் தூர்ப்பதாயின் சுற்றுச்சூழற் பாதிப்பு அறிக்கை முன்னதாக ஏற்கப்பட வேண்டும். விரிவான அறிக்கையாயின் அதனைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து அவர்கள் கருத்தைப் பெற வேண்டும். அந்த விரிவான அறிக்கை இன்றியே மணல் மேடு எழும்பிற்று. மீனவர் முறையிட்டனர். சிங்கப்பூர் அரசும் தன் கவலையைத் தெரிவித்து விவரம் கேட்டது. ஆம், 2003-ல் நாம் அவர்களைக் கேட்ட அதே கேள்வியை 2014-ல் அவர்கள் நம்மைக் கேட்டார்கள்! 2014 ஜூன் மாதத்தில் வேலை நிறுத்தப்பட்டது. பின்னர் விரிவான அறிக்கை எழுதப்பட்டு, 2015 ஜனவரியிற் பல நிபந்தனைகளோடு ஏற்கப்பட்டது. வேலை மறுபடி தொடங்கிற்று.

வேலை நின்ற அதே ஜூன் மாதத்தில் ரோமாபுரியிலே ஒரு காரியம் நடந்தது. ஐக்கிய நாட்டு உணவு விவசாய அமைப்பின் மீன்வளக் குழு, சிறு மீனவருக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. மீனவ மக்களைப் பாதிக்கத் தக்க பெருந்திட்டம் எதனையும் செயலாக்குமுன், சமூக, பொருளாதார, சுற்றுச்சூழல் ஆய்வை நடத்த வேண்டும், அம்மக்களைப் பொருளுள்ள முறையிற் கலந்துகொள்ள வேண்டும் என்பது அந்நெறிகளுள் ஒன்று. தானே விரும்பி ஏற்கும் நெறி. மீறினால் தண்டனை கிடையாது.

விரிவான அறிக்கை என்பது என்ன என்று அறியாத வாசகர் பலர் இருக்கலாம். இத்தகைய அறிக்கை ஒன்றை நாம் புரட்டிப் பார்த்ததுண்டு. ஆங்கிலப் பள்ளியிற் படித்து, ஆங்கிலத்திலேயே கணக்கும் கடிதமும் எழுதி வயிறு வளர்க்கும் நமக்கே, பத்துப் பக்கத்துக்குமேல் தலை சுழன்றது. அலையின் வேகம், வண்டலின் எடை, படத்தின்மேற் படம். இவ்வளவும் வேண்டுவனவே, பொறியறிஞர் செய்த வேலையை நாம் இகழவில்லை. ஆனால் இதனை அலுவலக மேசையிற் சில வாரம் வைத்துவிட்டு, மக்கள் கருத்துக் கேட்டாயிற்று என்று எழுதிக்கொள்வது, செக்ரோலை ஆங்கிலத்தில் எழுதிவைத்துத் தொழிலாளி ஒப்புக்கொண்டான் என்று சொல்வதையே ஒக்கும். விடியற்காலை மூன்று மணிக்குக் கடலேறி, பத்து மணிக்குக் கரையேறி, மீனை விற்று வலையை உலர்த்துகின்றவன் எந்த நேரத்தில் அந்த மேசைக்குப் போவான்?

இவ்விடத்தில் தஞ்சோங் கூப்பாங் வட்டாரத்து இளைஞரைப் பாராட்டாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 2008-ம் ஆண்டளவில் அங்கே கெலாப் அலாமி என்ற ஒரு சிறு சங்கம் தோன்றிற்று. ஆராய்ச்சியாளரும் கிராமத்தாரும் சேர்ந்து, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கடற்புல்லை இனம் பிரித்து அறியவும், அளக்கவும், குறித்து வைக்கவும் கற்பித்தனர். தந்தைமார் மனத்தில் இருந்த கடல், பிள்ளைகள் கையிலே தாளில் ஏறத் தொடங்கிற்று. ஒருவர் பக்கத்தில் எண்ணும் படமும், மற்றவர் பக்கத்திற் கண்ணீரும் கோபமும் மட்டும் இருந்தால் அது கலந்தாலோசனை ஆகாது, விண்ணப்பம் ஆகும். கிராமத்தார் கையிலும் ஓர் அளவு இருந்தால்தான் பேச்சு சமமாகும். பினாங்கிலே மீனவர் தென்கரைத் தீவுத் திட்டத்தின் அறிக்கைக்கு அளித்த ஒப்புதலை எதிர்த்து முறையீட்டு வாரியத்துக்குச் சென்று, 2021 செப்டம்பரில் அவ்வொப்புதலை நீக்கச் செய்தனர். 2023-ல் புது அறிக்கை ஏற்கப்பட்டது. திட்டமும் ஒரே தீவாகச் சுருங்கிற்று. முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மூன்று தீவு ஒன்றாயிற்று.

மீன்வள நிர்வாகம் படித்தவர் வேலை, வலைக்காரனுக்கு அது விளங்காது என்று கூறுவார் இன்றும் உளர். அவர்கள் நம் தாய்நாட்டுக் கரையைப் பார்க்கட்டும். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில், பட்டினவர் கிராமங்களிலே, பாடு என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. ஏரியில் இறால் ஓடும் இடங்கள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல; சில வளமானவை, சில வறண்டவை. வலியவன் வளமான இடத்தைப் பிடித்துக்கொண்டால் எளியவன் பட்டினி. ஆகவே ஊர்ப் பஞ்சாயத்துக் கூடிச் சீட்டுப் போட்டு, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டுவதென்று முறை வைக்கும். இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை மாற வேண்டும். ஒரே இடத்தில் வலைகள் நெருங்குவதும் இல்லை, பூசலும் குறைவு. பல்கலைக்கழகத்தார் இக்காலத்தில் வந்து வியந்து நூல் எழுதுகிறார்கள். எழுத்தறியாதவர் வகுத்த மீன்பிடித் திட்டம் அது.

ஆனால் நம்முடையது என்பதற்காக அதன் மாசை மறைக்க மாட்டோம். அந்தப் பாட்டிற் பங்கு பெறுவோர் அந்தக் கிராமங்களின் ஒரே சாதியைச் சேர்ந்த மணமான ஆடவர். அதே ஏரியிற் கையால் இறால் துழாவிப் பிழைக்கும் இருளருக்கும், ஒதுக்கப்பட்ட சாதியாருக்கும், பெண்களுக்கும் சீட்டிற் பெயர் கிடையாது. பிறர் பங்கு கேட்டபொழுது சண்டை மூண்டது. பொதுச்சொத்து என்று நாம் மகிழ்ந்து சொல்லும்போதே, பொது என்னும் சொல்லுக்குள் யார் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜொகூரிலும் இதே கணக்கு உண்டு. அதிகாரியிடம் இருப்பது உரிமம் பெற்ற படகின் பட்டியல். நீர் வற்றிய மேட்டிற் கொங்கொங் பொறுக்கும் கிழவிக்குப் படகும் இல்லை, உரிமமும் இல்லை. படகிலேயே பிறந்த செலேத்தார் மகனுக்கு அவன் மூதாதையர் ஓடைக்கு எந்த அலுவலகத்திலும் பத்திரம் இல்லை. இவர்கள் கூட்டத்துக்கு அழைக்கப்படாமலே கூட்டம் நிறைந்துவிடும்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நமக்கு இதில் என்ன என்று வாசகர் சிலர் கேட்கலாம். மீன் விலையைச் சொல்லி விடையிறுக்கலாம். அது சிறு விடை. ஜொகூரின் தென்பகுதியிலே தோட்டங்கள் எத்தனை வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறின என்பதை நம்மவர் கால்நடையாகவே அறிவர். பால்மரம் நின்ற இடம் பல்பொருள் அங்காடியாயிற்று. கோயில் பெயர்ந்தது, பள்ளி பெயர்ந்தது, லயம் இடிந்தது. அந்த மாறுதல்களுக்கும் சட்டம் உண்டு. 1976-ம் ஆண்டு நகர நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டம், வட்டாரத் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும் என்கிறது. மீனவன் கடலை இழந்ததும் நாம் தோட்டத்தை இழந்ததும் வேறு வேறு கதைகளல்ல. ஒரே மேசையின் இரு முனைகளில் எழுதப்பட்டவை அவை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் ஒரு நாள் காலை, பெரட்டு முடிந்தபின், அலுவலகச் சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்ததைக் கண்டோம். மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டது. தோட்டம் அடங்கிய வட்டாரத்தின் திட்ட வரைவு இன்ன அலுவலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர் எழுத்திற் தெரிவிக்கலாம் என்று கண்டிருந்தது. அலுவலகம் தோட்டத்திலிருந்து இருபது மைல். வேலைக்குப் புறப்பட்டவர்கள் கூடி நின்றார்கள். படித்துச் சொல்லுமாறு கேட்டார்கள், தமிழிற் சொன்னோம். முப்பது ஆண்டு பால் வெட்டிப் பின்பு பழம் பொறுக்கிய ஓர் அம்மையார் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “தம்பி, இதுக்கு நாமளும் எழுதலாமா?” என்றார்.

எழுதலாம் என்றோம்.

“எந்தத் தேதிக்குள்ள எழுதணும்?”

விளம்பரத்தின் அடியிற் பார்த்தோம். முந்தின வெள்ளிக்கிழமையோடு தவணை முடிந்திருந்தது.